பிடிகொடுக்காத அழைப்புகள்

அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கு ஆள் சேர்க்கும் பயிற்சியாளர்கள் ஒரு மாணவரிடம் 'வேண்டும்' என்றோ 'வேண்டாம்' என்றோ நேராகச் சொல்வது குறைவு. "உன் ஆட்டம் பிடித்திருக்கிறது, தொடர்பில் இருப்போம்" என்று ஒருவர் எழுதுவார்; பிறகு 6 வாரத்துக்குச் சத்தமே இருக்காது. இன்னொருவர் கோடை முகாமுக்கு அழைப்பார். போய்ப் பார்த்தால் அதே அழைப்போடு 200 பேர் நிற்பார்கள். மூன்றாமவர் மாதம் தவறாமல் பேசுவார், உதவித்தொகை என்ற சொல்லை மட்டும் எடுக்க மாட்டார். பெண் பார்த்துவிட்டு "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று கிளம்புகிறவர்களின் பேச்சு எப்படியோ, அப்படித்தான் இதுவும். சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது, மறுப்பு என்று விட்டுவிடவும் முடியாது.

இந்த நிலையில் இருப்பவர்களே பெரும்பான்மை. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடும் மாணவர்கள் ஏறத்தாழ 80 லட்சம் பேர். கல்லூரி விளையாட்டின் தலைமை அமைப்பான என்.சி.ஏ.ஏ.வில் உள்ள சுமார் 1,100 கல்லூரிகளில் ஆடுகிறவர்கள் 5 லட்சத்துச் சொச்சம். பள்ளியில் ஆடுகிறவர்களில் கல்லூரி விளையாட்டு உதவித்தொகை பெறுவோர் நூற்றுக்கு 2 பேர் அளவில்தான் என்பது அந்த அமைப்பே சொல்லிவரும் கணக்கு. கல்லூரிகள் போட்டி போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்கும் நட்சத்திரங்கள் அந்த 2 பேரிலும் ஒரு சிறு பகுதி. மற்றவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த அரைகுறைப் பேச்சில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த மாதங்களில் 16, 17 வயதுப் பிள்ளை படும் பாடு சிறியதில்லை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தூங்காமல் கிடக்கிற இரவுகள் பல வீடுகளில் உண்டு. அதைத் தணிக்க ஒரு வழி இருக்கிறது. பயிற்சியாளரின் சொல்லை ஆராய்வதை நிறுத்திவிட்டு, அவர் எதைச் செலவிடுகிறார் என்று கவனிக்க வேண்டும். அவருடைய நேரம், கல்லூரியின் பணம், சேர்க்கை அலுவலகத்தில் அவருக்குள்ள செல்வாக்கு ஆகிய மூன்றும் அவரிடம் அளவாகவே இருக்கின்றன. அக்கறை இல்லாத இடத்தில் அவற்றை அவர் இறைக்க மாட்டார்.

பயிற்சியாளர் ஏன் பிடிகொடுப்பதில்லை

ஒரு சாக்கர் அணிக்கு அடுத்த ஆண்டு ஒரு கோல்கீப்பர் தேவை என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியாளர் கையில் 8 அல்லது 10 பெயர்கள் வரிசையாக இருக்கும். முதல் இரண்டு பேரிடம் இடம் தருவதாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். அவர்கள் இருவரும் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் மூன்றாவது, நான்காவது பெயர்களுக்கு வர வேண்டும். அதுவரை அந்த மூன்றாம், நான்காம் ஆட்கள் கைநழுவிப் போய்விடக் கூடாது. எனவே அவர்களோடு இனிமையாகப் பேசுவார், வாக்குறுதி மட்டும் தர மாட்டார். இதை அத்துறையினர் 'ஸ்லோ பிளே' என்கிறார்கள். இதில் பொய் எதுவும் இல்லாமலே இருக்கலாம். நான்காவது இடத்தில் இருப்பவரை அவருக்கு உண்மையிலேயே பிடித்திருக்கும். மாணவர் அறிய வேண்டியது தம்மைப் பிடித்திருக்கிறதா என்பதை விட, வரிசையில் தாம் எங்கே நிற்கிறோம் என்பதை.

சில ஆண்டுகளாக இந்த வரிசைக்குள் வேறு ஆட்களும் நுழைந்துவிட்டார்கள். 2018 அக்டோபரில் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்ற பதிவேடு தொடங்கியது. கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் அதில் பெயர் பதிவார்கள். மற்றக் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் அதைப் பார்த்து அவர்களோடு பேசலாம். 2024 ஏப்ரலுக்குப் பிறகு, படிப்பில் குறையில்லாத வீரர் எத்தனை முறை மாறினாலும் ஓராண்டு வெளியே உட்கார வேண்டியதில்லை. 17 வயது மாணவரை எடுத்து இரண்டு ஆண்டு வளர்ப்பதா, ஏற்கெனவே கல்லூரியில் ஆடித் தேறிய 21 வயதுக்காரரை எடுப்பதா என்ற கேள்வி வரும்போது, வெற்றி தோல்வியைப் பொறுத்தே வேலை நிலைக்கும் பயிற்சியாளர் பல சமயம் இரண்டாவதையே தேர்கிறார். பள்ளி மாணவருக்கான இடம் குறைந்ததோடு, முடிவு தள்ளிப்போவதும் கூடியிருக்கிறது. போர்ட்டலில் யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பலர் வாய் திறக்கிறார்கள்.

என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிரான ஹவுஸ் வழக்கில் 2025 ஜூன் 6 அன்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சமரசம் இன்னொரு மாற்றம். அதற்குமுன் ஒரு விளையாட்டுக்கு இத்தனை உதவித்தொகை என்று வரம்பு இருந்தது. ஆட்களின் எண்ணிக்கைக்குப் பொதுவாக வரம்பு இல்லை. சமரசத்தை ஏற்ற கல்லூரிகளில் இது தலைகீழானது. உதவித்தொகை வரம்பு போய், அணியில் இருக்கக்கூடிய ஆட்களுக்கு வரம்பு வந்தது. பேஸ்பாலில் 11.7 உதவித்தொகை என்றிருந்த இடத்தில் இப்போது 34 ஆட்கள் என்பது உச்சவரம்பு; அமெரிக்கக் கால்பந்தில் 85 உதவித்தொகை என்பது 105 ஆட்கள் என்று மாறியது. காகிதத்தில் உதவித்தொகை பெருகியது போலத் தோன்றும். ஆனால் அத்தனைக்கும் பணம் ஒதுக்க எந்தக் கல்லூரிக்கும் கட்டாயமில்லை. பணம் வாங்காமல் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்த வீரர்களுக்கு இருந்த இடமோ சுருங்கிவிட்டது. "உனக்கு அணியில் எப்படியும் ஓர் இடம் இருக்கும்" என்று முன்பு எளிதாகச் சொன்ன பயிற்சியாளர் இன்று எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டியவராகிவிட்டார்.

இவற்றோடு, பயிற்சியாளரே வேலை மாறலாம். துணைப் பயிற்சியாளர் ஆவலோடு பேசியிருக்க, தலைமைப் பயிற்சியாளர் அந்தக் காணொளியைப் பார்த்தே இராமல் இருக்கலாம். மாணவரின் மதிப்பெண்ணைப் பார்த்துச் சேர்க்கை அலுவலகம் தலையாட்ட மறுத்திருக்கலாம். இந்தக் காரணங்கள் எதுவும் மாணவரின் காதுக்கு வந்து சேர்வதில்லை.

மௌனம் விதியாலும் வரும்

பதில் வராததற்கெல்லாம் அக்கறையின்மையைக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. என்.சி.ஏ.ஏ.வின் மூன்று பிரிவுகளில் முதல் பிரிவைச் சேர்ந்த கல்லூரிகள் பெரும்பாலான விளையாட்டுகளில், மாணவர் 10-ஆம் வகுப்பை முடித்தபின் வரும் ஜூன் 15 வரை அவரோடு ஆள்சேர்ப்பு குறித்துப் பேசவோ எழுதவோ கூடாது. அதிகாரபூர்வ வருகைக்கு, அதாவது கல்லூரி தன் செலவில் மாணவரை அழைத்துச் சுற்றிக்காட்டுவதற்கு, 11-ஆம் வகுப்பு தொடங்கும் ஆண்டின் ஆகஸ்டு 1 வரை பொறுக்க வேண்டும். லக்ராஸ், சாஃப்ட்பால் போன்ற சிலவற்றில் பேச்சே 11-ஆம் வகுப்பின் செப்டம்பர் 1-க்குப் பிறகுதான். 9-ஆம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதிய அழகான மின்னஞ்சலுக்கு வெறும் முகாம் அறிவிப்பு மட்டும் திரும்பி வந்தால், அந்தப் பயிற்சியாளருக்கு அதற்குமேல் எழுத அனுமதி இல்லை என்பதே காரணமாக இருக்கலாம். மாணவர் எழுதுவதற்கோ எந்தத் தடையும் இல்லை. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் எப்போது வேண்டுமானாலும் மாணவருக்கு எழுதலாம்.

ஜூன் 15 வந்ததும், மௌனத்துக்கு விதியைக் காரணம் சொல்லும் வாய்ப்பு தீர்ந்துவிடுகிறது. அன்றும் அடுத்த சில நாட்களிலும் யாரிடமிருந்து செய்தி வருகிறது என்பதே ஒரு கணக்கு. வரிசையின் உச்சியில் இருப்பவர்களுக்கு அன்று காலையிலேயே அழைப்புப் போகும். ஜூலை பாதி கடந்தும் ஒரு சொல் வரவில்லையென்றால் அந்தக் கல்லூரியின் முதல் சுற்றில் இந்த மாணவர் இல்லை என்று கொள்ளலாம். அடுத்த சுற்றுகளுக்கு வாய்ப்பு இன்னும் இருக்கிறது.

நாட்காட்டியில் 'டெட் பீரியட்' என்று சில வாரங்கள் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நாட்களில் நேரில் சந்திப்பதற்கும் நேரில் வந்து ஆட்டத்தைப் பார்ப்பதற்கும் மட்டுமே தடை. தொலைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் தடை இல்லை. "இப்போது டெட் பீரியட், அது முடிந்ததும் பேசலாம்" என்று ஒரு பயிற்சியாளர் சொன்னால், பேசாததற்குக் காரணம் அந்த விதியாக இருக்க முடியாது.

எதற்கு எவ்வளவு எடை

மிகக் குறைந்த எடை உள்ளவை, ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்குப் போகக்கூடியவை: இணையக் கேள்விப் படிவம், முகாம் அறிவிப்பு. இவற்றை எந்த வயதிலும் யாருக்கும் அனுப்ப விதி இடம் தருகிறது, அதனால் அனுப்புகிறார்கள். முகாம்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல கல்லூரிகளில் கோடை முகாம் துணைப் பயிற்சியாளர்களுக்குக் கூடுதல் வருமானம் தரும் ஏற்பாடு. கட்டணமும் விமானச் செலவும் விடுதி வாடகையும் சேர்ந்து நடுத்தரக் குடும்பத்தைக் கடிக்கும் தொகையாகிவிடும். பணம் கட்டுவதற்குமுன் பயிற்சியாளருக்கு ஒரு வரி எழுதிக் கேட்கலாம்: நான் பள்ளி முடிக்கும் ஆண்டுக்கு என் இடத்தில் ஆள் தேடுகிறீர்களா, முகாமில் என்னை யார் மதிப்பிடுவார்? பெயர் சொல்லி, அந்த மாணவரின் ஆட்டத்தைக் குறிப்பிட்டுப் பதில் வந்தால் போகலாம். திரும்பவும் அதே அறிவிப்பு வந்தால் அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, அந்த மாணவருக்கென்றே எழுதப்பட்ட செய்தி. "சனிக்கிழமை இரண்டாம் பாதியில் நீ இடது பக்கம் நகர்ந்து ஆடியது நன்றாக இருந்தது" என்று எழுதுகிறவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். தலைமைப் பயிற்சியாளரே அழைப்பது, துணைப் பயிற்சியாளரின் பத்துச் செய்திகளுக்குச் சமம். ஒரு போட்டிக்கு நேரில் வந்து, மீண்டும் இன்னொரு போட்டிக்கும் வந்தால் அது இன்னும் கனமானது. மைதானத்தில் அவர் வேறு ஒருவரைப் பார்க்க வந்திருக்கவும் கூடும். அதை அவரிடமோ பள்ளிப் பயிற்சியாளர் வழியாகவோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

உண்மையான திருப்பம், பேச்சு மைதானத்தை விட்டு அலுவலகத்துக்குள் போகும்போது வருகிறது. மதிப்பெண் பட்டியலை அனுப்பச் சொல்வது அதன் முதல் படி. ஐவி லீக்கின் 8 பல்கலைக்கழகங்களிலும், வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட் போன்ற கல்லூரிகள் உள்ள நெஸ்காக் கூட்டமைப்பிலும், 11-ஆம் வகுப்பு முடிந்த கோடையில் பயிற்சியாளர் அந்தப் பட்டியலைச் சேர்க்கை அலுவலகத்திடம் கொடுத்து முன்கூட்டியே கருத்துக் கேட்பார். 'பிரீ-ரீட்' என்று இதற்குப் பெயர். ஒவ்வொரு பயிற்சியாளரும் இப்படிக் கொண்டுபோகும் பெயர்களுக்கு ஓர் அளவு உண்டு. அதில் ஒன்றை ஒரு மாணவருக்காகச் செலவிடுகிறார் என்றால் அந்த அக்கறை மெய். ஆனால் பிரீ-ரீட்டில் தேறியதும் இடம் கிடைத்துவிட்டதாக நினைப்பது அடிக்கடி நேரும் பிழை. தேறியவர்களிலிருந்து தாம் ஆதரிக்கப்போகும் சிலரைப் பயிற்சியாளர் இனிமேல்தான் பொறுக்குவார். "சேர்க்கை அலுவலகத்தில் எனக்கு உங்கள் முழு ஆதரவு உண்டா?" என்ற கேள்வியைக் கேட்காமல் இந்தக் கட்டத்தைத் தாண்டக் கூடாது.

உதவித்தொகை தரும் பிரிவுகளில் அதே எடை அதிகாரபூர்வ வருகைக்கு உண்டு. அதற்குமுன் மாணவர் என்.சி.ஏ.ஏ.வின் தகுதி மையத்தில் பதிந்திருக்க வேண்டும். மதிப்பெண் பட்டியல் கல்லூரியின் கையில் இருக்க வேண்டும். கல்லூரி அவர் பெயரைத் தகுதி மையத்திடம் உள்ள தன் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். "அந்தப் பட்டியலில் என் பெயரைச் சேர்த்துவிட்டீர்களா?" என்பது மரியாதையான கேள்வி, ஆம் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி. சொந்தச் செலவில் வந்து பாருங்கள் என்று அழைப்பதும் கல்லூரி பயணச்சீட்டு எடுத்து அனுப்புவதும் ஒன்றாகாது.

எல்லாவற்றுக்கும் மேலே எழுத்தில் வரும் உதவித்தொகை ஒப்பந்தம் இருக்கிறது. முதல் பிரிவில் 12-ஆம் வகுப்பு தொடங்கும் ஆண்டின் ஆகஸ்டு 1-க்கு முன் அதை எழுத்தில் தர விதி அனுமதிப்பதில்லை. அதற்கு முந்திய எல்லாம் வாய்மொழி.

எண்கள் பேசும் விளையாட்டுகள்

நீச்சல், தடகளம், கோல்ஃப், டென்னிஸ் ஆகியவற்றில் ஆடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பயிற்சியாளர் வாய் திறக்காவிட்டாலும் கடிகாரமும் அளவுநாடாவும் பேசும். ஒரு நீச்சல் வீராங்கனை தாம் விரும்பும் கல்லூரியின் கூட்டமைப்புப் போட்டி முடிவுகளை இணையத்தில் எடுத்து, தம் நேரம் அங்கே எத்தனையாவது இடத்துக்கு வந்திருக்கும் என்று பார்க்கலாம். இறுதிச் சுற்றில் வந்து புள்ளி சேர்க்கும் நேரம் என்றால் அந்தப் பயிற்சியாளருக்கு அவர் தேவை. அணியின் கடைசி ஆளை விடவும் நேரம் குறைவாக இல்லையென்றால் எத்தனை அன்பான மின்னஞ்சல் வந்தாலும் அது பண்பு மட்டுமே. டென்னிஸில் யு.டி.ஆர். எனப்படும் உலகளாவிய மதிப்பெண்ணை அணியின் ஆறு ஒற்றையர் வீரர்களின் மதிப்பெண்களோடு ஒப்பிட்டால் இதே விடை கிடைக்கும்.

டெல்லியில் வளர்ந்த தமிழர் தேஜஸ்வின் சங்கர் 2016-இல் கோயம்புத்தூரில் நடந்த ஜூனியர் தேசியப் போட்டியில் 2.26 மீட்டர் உயரம் தாண்டித் தேசிய சாதனையை உடைத்தார். கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய் 2018-லும் 2022-லும் என்.சி.ஏ.ஏ. பட்டம் வென்றார். அப்படி ஓர் எண் கையில் இருந்தால் கடலுக்கு அப்பாலிருந்தும் பயிற்சியாளருக்குப் புரியும். வாலிபால், சாக்கர், கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்கு இந்த அளவுகோல் இல்லை. அங்கே பயிற்சியாளரின் கண்தான் முடிவு செய்கிறது. அதனால் அந்த மாணவர்களுக்குக் கேள்வி கேட்கும் துணிவு இன்னும் அதிகமாக வேண்டும்.

கேட்கும் முறை

கேட்பவர் மாணவராகவே இருக்க வேண்டும். அப்பாவோ அம்மாவோ மகன் பெயரில் எழுதும் மின்னஞ்சலைப் பயிற்சியாளர்கள் இரண்டாம் வரியிலேயே கண்டுகொள்கிறார்கள். படிப்பில் பிள்ளைக்காக எல்லாப் படிவத்தையும் தாமே நிரப்பிப் பழகிய பெற்றோருக்கு, தமிழ்க் குடும்பங்களில் இது சாதாரணம், ஒதுங்கி நிற்பது கடினம். ஆனாலும் ஒதுங்கத்தான் வேண்டும். வீட்டை விட்டு வந்து நான்கு ஆண்டு தம்மிடம் இருக்கப்போகிறவர் தாமாகப் பேசக்கூடியவரா என்று பயிற்சியாளர் அந்த உரையாடலிலேயே பார்க்கிறார். பணம், மருத்துவக் காப்பீடு, உதவித்தொகை புதுப்பிப்பு பற்றிய பேச்சு வரும்போது பெற்றோர் வரலாம், வர வேண்டும்.

இரண்டு மூன்று நல்ல உரையாடல்கள் நடந்தபின், தொலைபேசியில் கேட்பது மின்னஞ்சலை விட நல்லது. குரலின் தயக்கம் எழுத்தில் தெரியாது. கேள்விகள் எண்ணிக்கையைப் பற்றியவையாக இருந்தால் வழுக்க இடம் குறையும். என் ஆண்டில் என் இடத்துக்கு எத்தனை பேரை எடுக்கிறீர்கள்? அதில் எத்தனை இடம் நிரம்பிவிட்டது? உங்கள் பட்டியலில் நான் எங்கே இருக்கிறேன்? எப்போது முடிவெடுப்பீர்கள்? முடிவெடுக்குமுன் என்னிடம் இன்னும் எதைப் பார்க்க வேண்டும்? போர்ட்டலிலிருந்து இந்த இடத்துக்கு ஆள் எடுக்கும் எண்ணம் உண்டா? ஒரே அழைப்பில் எல்லாவற்றையும் அடுக்க வேண்டாம். வரிசையில் இடமும் முடிவுத் தேதியும் முதலில் தெரிந்தால் போதும்.

பதில்களைப் படிப்பது பிறகு எளிது. "இரண்டு பேரை எடுக்கிறோம், ஒருவர் வந்துவிட்டார், நீ மூன்றாவது பெயர், அக்டோபர் நடுவில் தெரியும்" என்ற பதில் இனிப்பாக இல்லாவிட்டாலும் மிக நல்ல பதில். அதை வைத்துத் திட்டமிடலாம், அப்படிச் சொன்ன பயிற்சியாளரை நம்பலாம். "உன்னை இன்னும் மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்" என்பவரிடம் அடுத்து எந்தப் போட்டியைப் பார்ப்பார் என்று கேட்க வேண்டும். போட்டியின் பெயரைச் சொன்னால் பொருள் உண்டு. "எல்லாம் நல்லபடியாக நடக்கும், கவலைப்படாதே" என்பதில் தகவல் எதுவும் இல்லை. கேட்டபின் இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அதற்கும் பதில் இல்லையென்றால் புதிய போட்டி முடிவோ காணொளியோ வந்த பிறகு இன்னொன்று. அதோடு அந்தப் பெயரைப் பட்டியலின் அடியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். கதவைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதில்லை. தட்டிக்கொண்டே நிற்கவும் வேண்டாம்.

மாணவர் கையில் உள்ள மிக வலிமையான கருவி இன்னொரு கல்லூரியின் உண்மையான ஆஃபர். முதல் விருப்பமான கல்லூரி இழுத்தடித்துக்கொண்டிருக்கும்போது, வேறொரு பயிற்சியாளர் இடமும் கெடுவும் சொன்னால், முதலாமவரிடம் உள்ளபடி சொல்லலாம்: எனக்கு ஓர் ஆஃபர் வந்திருக்கிறது, 14-ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், உங்கள் கல்லூரியே என் முதல் விருப்பம், உங்கள் நிலை என்ன? பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் விடை தெரிந்துவிடும். பதில் வராததும் ஒரு விடைதான். இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்வது மட்டும் ஒருபோதும் கூடாது. ஒரே விளையாட்டின் பயிற்சியாளர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் உண்மை வெளியாகிவிடும்.

வாய்மொழி ஆஃபரும் அதன் ஆயுளும்

வாய்மொழி ஆஃபர் இரு பக்கத்தையும் கட்டாது. மாணவர் 'வருகிறேன்' என்று சொல்லிச் சமூக ஊடகத்தில் அறிவித்தாலும் கட்டாது. 1964-இல் தொடங்கிய 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்ற ஒப்பந்தம் 60 ஆண்டு இருந்துவிட்டு 2024 அக்டோபரில் நீக்கப்பட்டது. இப்போது கட்டுவது உதவித்தொகை ஒப்பந்தம் மட்டுமே. அதில் கையெழுத்தானபின் மற்றக் கல்லூரிகள் அந்த மாணவரிடம் ஆள்சேர்ப்புப் பேச்சு வைக்கக் கூடாது.

கையெழுத்துக்கு முன் ஆஃபர் எப்படி மறையும் என்பதற்கு அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜோஷ் ஆலன் கதை நல்ல சான்று. கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற சிற்றூர்க்காரரான அவரைப் பள்ளி முடித்தபோது முதல் பிரிவுக் கல்லூரி எதுவும் எடுக்கவில்லை. ரீட்லி என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் சேர்ந்து ஆடினார். நாடெங்கும் உள்ள பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக அனுப்பினார். கடைசியில் வயோமிங்கும் கிழக்கு மிச்சிகனும் மட்டும் அழைத்தன. அவர் வயோமிங்குக்குப் போய்ப் பார்த்ததும் கிழக்கு மிச்சிகன் தன் ஆஃபரைத் திரும்பப் பெற்றது. வயோமிங்கில் ஆடிய அவரை 2018-இல் தொழில்முறை அணியான பஃபலோ பில்ஸ் ஏழாவது தேர்வாக எடுத்தது. அவருடைய பிற்காலப் புகழை விட, கையில் இருந்த இரண்டே ஆஃபரில் ஒன்று ஒரு பயணத்தால் போனது என்ற செய்தி இங்கே முக்கியம். வேறு இடம் பார்க்கப் போவதற்குமுன் "நான் போய்வந்தால் என் இடம் இருக்குமா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கெடுவைப் பற்றியும் ஒரு சொல். "வெள்ளிக்கிழமைக்குள் சொல்" என்று நெருக்குவது பரவலாகிவிட்டது. பயிற்சியாளருக்கு அதற்கு நியாயமான காரணம் இருக்கலாம். இருந்தாலும் வளாகத்தைப் பார்த்திராத, எதிர்கால அணித்தோழர்களிடம் பேசியிராத மாணவர் ஒரு வாரம் அவகாசம் கேட்பதில் தவறில்லை. அந்த ஒரு வாரத்தையும் மறுக்கிற இடத்தில் நான்கு ஆண்டு எப்படி இருக்கும் என்று குடும்பம் யோசிக்க வேண்டும்.

உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்த்துக்கொள்வதாக வரும் 'பிரிஃபர்டு வாக்-ஆன்' அழைப்பும் அரைகுறை அக்கறையின் ஒரு வடிவம். கூடைப்பந்து வீரர் ஸ்டீஃபன் கரிக்கு அவர் தந்தை ஆடிய வர்ஜீனியா டெக் அப்படி ஓர் இடத்தைத்தான் காட்டியது. அவர் வட கரோலைனாவின் சிறிய டேவிட்சன் கல்லூரிக்குப் போனார். 2008-இல் அந்த அணியைத் தேசியப் போட்டியின் கடைசி எட்டுக்குள் கொண்டுவந்தார். வாக்-ஆன் அழைப்பை ஏற்குமுன், ஆள் வரம்புக்குள் அந்த இடம் உறுதியா, ஓராண்டுக்கா நான்காண்டுக்கா, இதற்குமுன் வந்த வாக்-ஆன்களில் எத்தனை பேருக்கு ஆட்டநேரமும் உதவித்தொகையும் கிடைத்தன என்று கேட்க வேண்டும். அந்தக் கல்லூரியில் படிக்கவே ஆசை என்றால் ஏற்கலாம். ஆட வேண்டும் என்பதே முதல் ஆசை என்றால், வேண்டும் என்று அழைக்கிற சிறிய கல்லூரி மேல்.

பட்டியலை விரித்து வைத்தல்

ஒரே ஒரு பெரிய கல்லூரியின் பதிலுக்காகக் காத்திருந்து மற்றவர்களுக்குப் பதில் எழுதாமல் விட்ட மாணவர்களே இந்த முறையில் அதிகம் நோகிறார்கள். பறக்கிறதுக்கு ஆசைப்பட்டு இருக்கிறதை விட்ட கதைதான். 11-ஆம் வகுப்பின் தொடக்கத்தில் 25, 30 கல்லூரிகள், 12-ஆம் வகுப்பின் தொடக்கத்தில் 6, 8 என்று பட்டியல் சுருங்கி வருவது இயல்பு. அதில் முதல் பிரிவு மட்டுமே இருக்கக் கூடாது. இரண்டாம் பிரிவு உதவித்தொகை தருகிறது. மூன்றாம் பிரிவு விளையாட்டுக்கென்று பணம் தராது, ஆனால் படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ப உதவி உண்டு. என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பின் கல்லூரிகளும், இரண்டாண்டுக் கல்லூரிகளும் இருக்கின்றன. மதுரைக்காரரான டென்னிஸ் வீரர் தட்சிணேஸ்வர் சுரேஷ், என்.ஏ.ஐ.ஏ.வைச் சேர்ந்த ஜார்ஜியா குவின்னட் கல்லூரியில் ஆடிவிட்டு முதல் பிரிவின் வேக் ஃபாரஸ்டுக்கு மாறினார். ஸ்குவாஷ் வீரர் வேலவன் செந்தில்குமார் கொலம்பியாவுக்குப் போனார். ஐவி லீக்கைச் சேர்ந்த அது விளையாட்டு உதவித்தொகையே தராத பல்கலைக்கழகம்.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ முயல்கிறவர்களுக்கு விசாவுக்கான மாதங்களும் சேர்வதால் முடிவுத் தேதி முன்னாலேயே வந்துவிடுகிறது. இடைத்தரகர்களிடம் போகிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: இடம் கிடைத்தால் இவ்வளவு, உதவித்தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் வாங்குவதை என்.சி.ஏ.ஏ. விதி ஏற்பதில்லை. அப்படிக் கேட்பவரிடம் போனால் மாணவரின் தகுதிக்கே ஆபத்து.

சேர்க்கை நாட்காட்டி விளையாட்டுக்காகக் காத்திருக்காது. பல கல்லூரிகளில் 'எர்லி டிசிஷன்' விண்ணப்பத்துக்குக் கெடு நவம்பர் 1. அது இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய விண்ணப்பம். ஒரே கல்லூரிக்குத்தான் அதைப் போட முடியும். பயிற்சியாளரின் முழு ஆதரவு உண்டு என்று தெளிவாகச் சொல்லப்படாமல் அந்த ஒரு சீட்டை அவருக்காகச் செலவிடக் கூடாது. ஐவி லீக்கில் 12-ஆம் வகுப்பின் அக்டோபர் 1 முதல் 'லைக்லி லெட்டர்' என்ற கடிதம் வரலாம். படிப்பு சரியாமல் இருந்தால் இடம் உறுதி என்பது அதன் பொருள். அதற்கு முன்னால் வரும் புகழ்ச்சிக்கு அந்தப் பொருள் கிடையாது. அக்டோபர் பாதிக்குள் எந்தப் பயிற்சியாளரிடமிருந்தும் உறுதி வராவிட்டால், விளையாட்டே இல்லை என்று வைத்துக்கொண்டு படிப்பையும் செலவையும் மட்டும் பார்த்து விண்ணப்பங்களை அனுப்பிவிட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் யாராவது போர்ட்டலில் போய்விட, காலி இடம் திடீரென்று திறப்பதுண்டு. ஏற்கெனவே அந்தக் கல்லூரியில் சேர்க்கை பெற்றிருக்கும் மாணவருக்கே அப்போது அந்த இடம் எட்டும்.

ஓர் இடத்தை ஏற்றுக்கொண்டதும், தொடர்பில் இருந்த மற்றப் பயிற்சியாளர்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி இரண்டு வரி எழுத வேண்டும். பதிலே போடாதவர்களுக்கும் எழுதலாம். பயிற்சியாளர்கள் கல்லூரி மாறிக்கொண்டே இருப்பவர்கள், அவர்களில் ஒருவர் இரண்டு ஆண்டு கழித்து வேறு சட்டையில் எதிரே நிற்கக்கூடும். அதன்பின் மிச்சம் இருப்பது காகித வேலை. முதல் பிரிவுக்கு 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் குறைந்தது 2.3 சராசரியும் வேண்டும். இரண்டாம் பிரிவுக்கு 2.2. பள்ளி முடித்தபின் இறுதி மதிப்பெண் பட்டியலும் பட்டயச் சான்றும் தகுதி மையத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து இறுதித் தகுதிச் சான்று கல்லூரிக்கு வந்த பிறகே மாணவர் போட்டியில் இறங்க முடியும்.